சிஞ்சாரை மீட்டாகிவிட்டது, மக்கள் ஏன் இன்னும் கூடாரத்தில்?

"சிஞ்சார் நகரத்தை 2015 நவம்பரிலேயே ஐ.எஸ். அமைப்பிடமிருந்து மீட்டுவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியிருக்க, யசீதி மக்களில் இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாக அகதி முகாமில் இருப்பது ஏன்? ஊர் திரும்ப அவர்களுக்கே விருப்பமில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சிஞ்சாரைப் பற்றியது என்றாலும், எதிரி போய்விட்டால் ஊர் திரும்பி வந்துவிடுமா என்பதுதான் அதற்குள் இருக்கிறது. 2015-இல் மீண்டது நிலப்பரப்பு மட்டும்தான். வீடு, வீட்டுக்கான பத்திரம், கையெழுத்துப் போட ஒரே ஓர் அதிகாரி, தண்ணீர், பள்ளிக்கூடம், பக்கத்து ஊர்க்காரன் மேல் நம்பிக்கை, இறந்தவர்களின் உடல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக, மிக மெதுவாக வருகின்றன. சில இன்னும் வரவேயில்லை. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனிச் சமயம் கொண்ட சிறுபான்மையினரான இந்த மக்கள் 2014-இல் ஐ.எஸ். தாக்கியபோது எந்த இடத்திலிருந்து ஓடினார்களோ, அதுவே அவர்களை ஏற்கெனவே ஒருமுறை பிடுங்கி நட்ட இடம். அதை விட்டுவிட்டுப் பேசினால் எதுவும் விளங்காது.

ஊர் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வடமேற்கு ஈராக்கில், மோசூலுக்கு மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில், சிரியா எல்லையை ஒட்டிய பகுதி அது. சமவெளியில் கிழக்கு மேற்காக ஒற்றை மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. உச்சி சுமார் 1,460 மீட்டர். அதன் தென்அடிவாரத்தில் இருப்பது சிஞ்சார் நகரம். ரோமானியர் காலத்தில் சிங்காரா என்ற கோட்டை நகரமாக இருந்த பழைய ஊர். யசீதிகள் தங்கள் குர்மாஞ்சி மொழியில் ஷிங்கால் என்பார்கள். நகரத்துக்குள் யசீதிகளோடு சுன்னி அரபியர், குர்துகள், ஷியாக்கள், கிறிஸ்தவர்கள் என எல்லாரும் இருந்தார்கள். ஆனால் சுற்றியுள்ள மாவட்டம் யசீதிகளின் மாவட்டம். உலகத்திலேயே அவர்கள் மிக அடர்த்தியாக வாழ்ந்த இடம் இதுதான். 2014-க்கு முன் ஏறத்தாழ 4 லட்சம் யசீதிகள் இங்கே இருந்ததாக ஐ.நா. விசாரணை ஆணையம் கணக்கிட்டது. மழையை நம்பிய கோதுமை, பார்லி, செம்மறி ஆடு, மலைச்சரிவுகளில் அத்தி, திராட்சை, புகையிலை இவைதான் பிழைப்பு.

சமயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரே கடவுள். அவர் உலகத்தைப் பார்த்துக்கொள்ள நியமித்த ஏழு தேவர்களில் தலையானவர் மயில் வடிவான தாவூசி மெலேக். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷேக் அதி இப்ன் முசாஃபிரின் சமாதி உள்ள லாலிஷ், மோசூலுக்கு வடக்கே ஷேக்கான் பகுதியில் இருக்கிறது. அதுவே தலைமைத் திருத்தலம். ஷேக், பீர், முரீத் என்று மூன்று பிறப்புவழிப் பிரிவுகள். பிரிவுக்குள்ளேயே மணம். சமயத்துக்கு வெளியே மணந்தால் வெளியேற்றம். மதம் மாறி உள்ளே வர வழியில்லை. தமிழில் இணையத்தில் தேடினால் மயிலைக் காட்டி "இவர்கள் முருக பக்தர்கள்" என்று எழுதப்பட்ட பதிவுகள் நிறைய கிடைக்கும். ஊர் ஊராக எடுத்துச் செல்லப்படும் சஞ்சக் என்ற மயில் தலை வெண்கலத் தண்டு நம் குத்துவிளக்கைப் போலவே இருப்பது உண்மை. ஆனால் வடிவ ஒற்றுமையைத் தாண்டி இதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. அவர்களின் துயரத்தை மதிக்க அவர்கள் நம் உறவாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த மயிலையே சாத்தான் என்று திரித்து, "சாத்தானை வணங்குகிறவர்கள்" என்ற பழி நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பட்டது. கொலைக்கு நியாயம் கற்பித்தது அந்தப் பழிதான். அதனால் இவர்களின் சமயத்தைத் தவறாகச் சொல்வது சின்ன விஷயமல்ல.

இப்போது 1975. ஈராக் அரசுக்கும் குர்துக் கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடந்த போர், அந்த ஆண்டு மார்ச்சில் அல்ஜியர்ஸ் உடன்படிக்கையோடு கிளர்ச்சியின் தோல்வியில் முடிந்தது. அதையொட்டி, அப்போது ஈராக்கை ஆண்ட பாத் கட்சி அரசு சிஞ்சார் மலையிலும் அடிவாரத்திலும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட யசீதிக் கிராமங்களை இடித்துத் தரைமட்டமாக்கியது. அங்கிருந்த மக்களைச் சமவெளியில் கட்டப்பட்ட 11 கூட்டுக் குடியிருப்புகளில் கொண்டுபோய்த் தள்ளியது. அரபியில் முஜம்மா என்பார்கள். நேர்கோட்டுத் தெருக்கள், அளவெடுத்த மனைகள், ராணுவம் எளிதில் கண்காணிக்கத் தக்க அமைப்பு. தெல் எஸேர் என்ற இடம் அல் கஹ்தானியா ஆனது, சிபா ஷேக் கிதிர் அல் ஜசீரா ஆனது, கிர் ஸெரிக் அல் அத்னானியா ஆனது. பெயரும் அரபிப் பெயராயிற்று. 1977 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களை அரபியர் என்றே பதிந்தார்கள். இடித்த கிராமங்களின் விளைநிலம் பல இடங்களில் வெளியாருக்குக் குத்தகையாகப் போனது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறந்தன. முதலாவது, குடியிருப்பு வீடுகளுக்குப் பட்டா கிடையாது. "இந்த மனையில் இருந்துகொள்" என்றார்களே ஒழிய, யசீதிகளின் பெயரில் பதிந்து கொடுக்கவில்லை. இரண்டு தலைமுறைகள் அந்த வீடுகளில் பிறந்து, மணந்து, கூடுதல் அறை கட்டி வாழ்ந்தபோதும் காகிதத்தில் நிலம் அரசுடையதாகவே கிடந்தது. இரண்டாவது, மலைக்குப் பழகிய மக்கள் மலையை விட்டுத் தூரமாக, மறைய ஒரு பாறைகூட இல்லாத வெட்டவெளியில் வைக்கப்பட்டார்கள். யசீதி வரலாற்றில் ஆபத்து வந்தால் மலையேறுவதுதான் வழக்கம். ஒட்டோமன் படைகளிடமிருந்தும் அப்படித்தான் தப்பினார்கள். தென்புறக் குடியிருப்புகளுக்கும் மலைக்கும் இடையே பல கிலோமீட்டர் திறந்த சமவெளி. 2014 ஆகஸ்ட் 3 அன்று யார் பிழைத்தார், யார் பிடிபட்டார் என்பதைப் பெரும்பாலும் அந்தத் தூரமே முடிவு செய்தது. 1975-இல் ஒரு வரைபடத்தில் போட்ட கோடு 39 ஆண்டுகள் கழித்து உயிர்களை எடுத்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

2003-இல் சதாம் அரசு விழுந்தபின் சிஞ்சார் "தகராறுக்குட்பட்ட நிலப்பகுதி" ஆனது. 2005 அரசியலமைப்பின் 140-ஆவது பிரிவு, பாக்தாத்தும், வடக்கு ஈராக்கில் தன்னாட்சி நடத்தும் குர்திஸ்தான் வட்டார அரசும் உரிமை கோரும் பகுதிகளின் நிலையை 2007 இறுதிக்குள் தீர்க்கச் சொன்னது. இன்றுவரை தீர்க்கவில்லை. காகிதத்தில் நினேவே மாகாணம், பாக்தாத்தின் நிர்வாகம். நடைமுறையில் குர்துக் கட்சிகளின் காவல். இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடின, இரண்டு பக்கமும் செலவு செய்யவில்லை. 2007 ஆகஸ்ட் 14 அன்று கஹ்தானியாவிலும் ஜசீராவிலும் வெடிபொருள் ஏற்றிய வண்டிகள் வெடித்தன. மண் வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. இறந்தோர் எண்ணிக்கை 300-க்கு மேல் என்பதிலிருந்து ஏறத்தாழ 800 வரை வெவ்வேறாகச் சொல்லப்படுகிறது. 2003-க்குப் பிந்தைய ஈராக்கில் ஒரே நாளில் நடந்த மிகக் கொடிய குண்டுத் தாக்குதல்களில் அது ஒன்று என்பதில் சந்தேகமில்லை. யசீதிகள் தங்கள் மேல் நடந்த அழித்தொழிப்புகளை ஃபெர்மான் என்று எண்ணி வருகிறார்கள். ஒட்டோமன் அரசாணைக்குரிய சொல்லே அழிவுக்குப் பெயராகிவிட்டது. 2014 அவர்களுக்கு 74-ஆவது ஃபெர்மான். இந்த எண்ணிக்கை வாய்மொழி மரபு, ஆவணங்களை அடுக்கி எண்ணியதல்ல. அதற்காக அதைக் கற்பனை என்று தள்ளிவிடவும் கூடாது. பல படுகொலைகளுக்குத் தெளிவான பதிவுகள் உண்டு.

2014 ஜூன் 10 அன்று மோசூல் ஐ.எஸ். வசம் போனது. சில நாட்களில் தல் அஃபரும் போயிற்று. அங்கிருந்து ஓடிய ஷியா துர்க்மென்கள் சிஞ்சாருக்கு வந்து தஞ்சம் புகுந்தார்கள். அதாவது ஆபத்து நெருங்குவது எல்லாருக்கும் தெரியும். "நாங்கள் இருக்கிறோம்" என்று குர்துப் பெஷ்மெர்கா படையினர் உறுதி சொன்னதால் மக்கள் இருந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 3 விடியும் முன்பே தெற்கிலிருந்து தாக்குதல் தொடங்கியது. சிபா ஷேக் கிதிரிலும் கிர் ஸெரிக்கிலும் உள்ளூர் ஆண்கள் கையிலிருந்த துப்பாக்கிகளோடு சில மணி நேரம் தடுத்தார்கள். குண்டு தீர்ந்தது. அதற்குள் பெஷ்மெர்கா நிலைகள் பெரும்பாலும் காலியாகிவிட்டன. மக்களுக்கு முறையான எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை. பின்வாங்கியது உறுதி. யார் உத்தரவிட்டது என்பது மட்டும் பொதுவெளியில் பொறுப்போடு சொல்லப்படவேயில்லை. யசீதிகளின் மனத்தில் ஐ.எஸ். செய்த கொலைக்கு அடுத்தபடியாக ஆறாத புண் அந்தக் காலை நேரம்தான். பாதுகாப்புக்கு யாரை நம்புவது என்ற இன்றைய சிக்கலுக்கு வேரும் அதுவே.

மலையேறியவர்கள் 50,000 பேர் வரை இருக்கும். ஆகஸ்ட் வெயில் 45 பாகையைத் தாண்டும் இடம். ஊற்றுகள் மிகச் சில. ஓர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 2 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆகஸ்ட் 7 இரவு அமெரிக்க விமானங்கள் முதல்முறை போட்டது ஏறத்தாழ 20,000 லிட்டர் தண்ணீரும் 8,000 உணவுப் பொட்டலங்களும். சமமாகப் பிரித்திருந்தாலும் ஆளுக்கு அரை லிட்டர்கூடத் தேறாது. வானிலிருந்து போடுவது செய்தியில் பெரிதாகத் தெரியும், ஆனால் அதைக் கொண்டு ஒரு கூட்டத்தை வாழவைக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். உயிர் காத்தது தரைவழிதான். சிரியாவிலிருந்து வந்த குர்துப் படையான ஒய்.பி.ஜி.யும் துருக்கி அரசை எதிர்த்துப் போரிட்ட குர்து அமைப்பான பி.கே.கே.யின் போராளிகளும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் மலையின் வடமேற்கே ஒரு பாதையைத் திறந்தார்கள். மக்கள் அந்த வழியாகச் சிரியாவுக்குள் இறங்கி, வடக்கே போய், டைக்ரிஸ் ஆற்றைக் கடந்து மறுபடியும் ஈராக்கின் தஹோக் மாகாணத்துக்குள் வந்தார்கள். ஒரு நாட்டின் குடிமக்கள் தங்கள் நாட்டின் இன்னொரு மூலைக்குப் போக அடுத்த நாட்டுக்குள் புகுந்து வர வேண்டியிருந்தது.

கீழே அகப்பட்டவர்களின் கதி வேறு. நகருக்குத் தெற்கே சமவெளியில் கோச்சோ என்ற ஊர் 12 நாட்கள் முற்றுகையில் இருந்தது. ஆகஸ்ட் 15 அன்று ஊரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டினார்கள். ஆண்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே கொண்டுபோய்ச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வண்டியேற்றினார்கள். வயதான பெண்களைச் சோலாக் என்ற இடத்தில் கொன்று புதைத்தார்கள். இளம்பெண்கள் அடிமைச் சந்தையில் விற்கப்பட்டார்கள். சிறுவர்கள் பெயர் மாற்றப்பட்டுப் போர்ப்பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். 2018-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நாதியா முராத் இந்த ஊர்க்காரர். 2016 ஜூனில் ஐ.நா. விசாரணை ஆணையம் இதை இனப்படுகொலை என்று அறிவித்தது. 2021 நவம்பர் 30 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் ஐ.எஸ். உறுப்பினர் ஒருவரை யசீதிகளுக்கு எதிரான இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டித்தது. உலகில் அப்படிப்பட்ட முதல் தீர்ப்பு அது.

எண்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. கடத்தப்பட்டோர் 6,417 என்பது குர்திஸ்தான் வட்டார அரசின் மீட்பு அலுவலகம் பெயர்ப்பட்டியலாக வைத்திருக்கும் கணக்கு. அதில் 3,500-க்கும் மேற்பட்டோர் மீண்டிருக்கிறார்கள், ஏறத்தாழ 2,600 பேரைக் காணவில்லை. பெயரோடு இருப்பதால் இது வலுவான கணக்கு. கொல்லப்பட்டோர் எண்ணிக்கை அப்படியல்ல. முகாம்களில் வீடுவீடாகக் கேட்டு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று 2017-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அது சுமார் 3,100 பேர் என்றது. அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஐ.எஸ். கையால் கொல்லப்படாமல் மலையிலேயே தாகத்தாலும் பசியாலும் காயத்தாலும் இறந்தவர்கள், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆனால் முகாமில் இருப்பவரிடம் கேட்டால், ஒருவர்கூட மிஞ்சாத குடும்பங்கள் கணக்கில் வராது. எனவே அதை அடிமட்ட மதிப்பாகவே கொள்ள வேண்டும். 5,000 அல்லது 10,000 என்று தளங்களில் வரும் உருண்டை எண்கள் எந்த முறையில் எடுக்கப்பட்டவை என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

இனி மீட்பு. அது ஒரே நாளில் நடக்கவில்லை, மூன்று தவணைகளில் மூன்று வேறு கைகளால் நடந்தது. 2014 டிசம்பரில் பெஷ்மெர்கா வடபக்கத்தை, சினூனி வட்டாரத்தை மீட்டது. 2015 நவம்பர் 12, 13 தேதிகளில் சிஞ்சார் நகரம் மீண்டது. கோச்சோ உள்ளிட்ட தென்சமவெளி 2017 மே மாதம்தான், ஹஷ்த் அல் ஷாபி எனப்படும் ஈராக்கியத் துணைப்படைகளால் மீண்டது. அதே ஆண்டு அக்டோபரில் குர்திஸ்தானின் தனிநாட்டு வாக்கெடுப்பையொட்டிய மோதலில் பெஷ்மெர்கா சிஞ்சாரை விட்டு வெளியேறியது. இப்போது அங்கே ஈராக்கிய ராணுவம், கூட்டரசுக் காவல்துறை, ஹஷ்த் படைகள், பி.கே.கே. பயிற்சியில் உருவான ஒய்.பி.எஸ். என்ற யசீதிப் படை, இன்னும் சில சிறு படைகள் என ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு கொடி. பி.கே.கே. தொடர்பைக் காரணம் காட்டித் துருக்கி 2017 முதல் அவ்வப்போது வான்தாக்குதல் நடத்தி வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு மருத்துவ நிலையமே தாக்கப்பட்டது. 2022 மே மாதம் ராணுவத்துக்கும் ஒய்.பி.எஸ்.ஸுக்கும் நடந்த சண்டையில், ஊர் திரும்பியிருந்த ஆயிரக்கணக்கானோர் மறுபடியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தஹோக்குக்கு ஓடினார்கள். ஒருமுறை அப்படி ஓடியவர் இரண்டாம் முறை திரும்ப எவ்வளவு யோசிப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

படைகள் பல என்பதைவிட அன்றாடத்தில் அதிகம் கடிப்பது நிர்வாகம் இரண்டாகக் கிடப்பது. 2017-க்குப் பின் சிஞ்சாருக்கு ஒரு மாவட்டத் தலைவர் தஹோக்கில் இருந்தார், இன்னொருவர் சிஞ்சாரில் அமர்த்தப்பட்டார். பாலம் கட்டும் ஒப்பந்தமானாலும் பள்ளிக்கு ஆசிரியர் நியமனமானாலும் யார் கையெழுத்து செல்லும்? 2020 அக்டோபர் 9 அன்று பாக்தாத்தும் குர்திஸ்தான் வட்டாரத் தலைநகரான எர்பிலும் ஐ.நா. முன்னிலையில் சிஞ்சார் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒருமித்த ஒரு மாவட்டத் தலைவர், வெளியார் படைகள் வெளியேற்றம், 2,500 உள்ளூர் ஆட்களைக் காவலுக்கு எடுப்பது என்பவை அதன் சாரம். தாளில் நல்ல உடன்படிக்கை. ஆனால் சிஞ்சாரில் உண்மையில் துப்பாக்கி வைத்திருப்பவர்களையும், அங்கு வாழும் யசீதிகளின் பல தரப்புகளையும் உட்காரவைத்துப் பேசாமல் இரண்டு தலைநகரங்கள் செய்துகொண்டது. பெரும்பகுதி கிடப்பில் போனதற்கு அதுவே முதற்காரணம் என்பது என் கணிப்பு.

வீட்டுக்கு வருவோம். நகரத்தின் பெரும்பகுதி வீடுகளும் அதைவிட அதிக விகிதத்தில் பொதுக் கட்டடங்களும் அழிந்தன. ஐ.எஸ். வெடிவைத்துத் தகர்த்தது பாதி, மீட்கும்போது விழுந்த விமானக் குண்டு மீதி. 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய மினார்கூட எஞ்சவில்லை. இடித்ததைக் கட்டுவதற்கு ஈராக்கில் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் சட்டம் போர் நடவடிக்கையாலும் பயங்கரவாதத்தாலும் உயிர், உடல், சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தருகிறது. வழிமுறை இப்படிப் போகும்: அடையாள ஆவணம், சொத்துக்கான சான்று, சேதத்தின் படங்கள், சாட்சிகளின் வாக்குமூலம், விசாரணை நீதிபதியின் காகிதம், பாதுகாப்புத் துறையின் தடையின்மைச் சான்று இத்தனையும் சேர்த்து வட்டாரக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழு சேதத்தை மதிப்பிட்டு மேலே அனுப்பும். பாக்தாத் ஒப்ப வேண்டும். பிறகு நிதித்துறை பணம் ஒதுக்க வேண்டும்.

இதில் எங்கே முறிகிறது? முதல் படியிலேயே. ஆகஸ்ட் 3 அன்று உடுத்திய துணியோடு ஓடியவர்களிடம் காகிதம் இல்லை. கூட்டுக் குடியிருப்புக்காரர்களிடம் சொத்துக்கான சான்று என்றுமே இருந்ததில்லை, 1975 அதைத் தரவில்லை. இதையெல்லாம் தாண்டி ஒப்புதல் வாங்கியவர்களுக்கும் பணம் வரவில்லை. 2023 நடுப்பகுதியில்கூட, ஒப்புதல் பெற்ற ஆயிரக்கணக்கான சிஞ்சார் விண்ணப்பங்கள் நிதியின்றித் தேங்கிக் கிடந்தன. 2022 டிசம்பரில் ஈராக் அமைச்சரவை அந்த 11 குடியிருப்புகளின் வீடுகளை வாழ்வோர் பெயரில் பதிய முடிவு செய்தது. அதற்கு முன்பே ஐ.நா. வாழிடத் திட்டம் வீடுவீடாக அளந்து குடியிருப்புச் சான்று கொடுத்து வந்தது. அந்த அடித்தளம் இல்லாவிட்டால் இந்த முடிவு வந்திருக்காது. 47 ஆண்டுத் தவறுக்கு முதல் திருத்தம் இது. ஆனால் முடிவு வேறு, ஒவ்வொருவர் கையிலும் பத்திரம் வந்து சேர்வது வேறு.

"விருப்பமில்லையா" என்ற உங்கள் சொல்லுக்கு இங்கே வருகிறேன். தஹோக் மாகாணத்தின் ஷாரியா, கான்கே, கபர்த்தோ, சமிஷ்கோ போன்ற முகாம்களில் சிமெண்டுத் தரை மேல் தார்ப்பாய் போட்ட கூடாரம், பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, தலைக்கு மேல் தாறுமாறாக ஓடும் மின்கம்பி. 2021 ஜூனில் ஷாரியாவில் பற்றிய தீயில் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கூடாரங்கள் சாம்பலாயின. அங்கே இருப்பதை யாரும் விரும்பவில்லை. ஆனால் முகாமருகே பள்ளி உண்டு, மருத்துவமனை உண்டு, உருளைக்கிழங்கு வயலிலோ கட்டட வேலையிலோ கூலி உண்டு. திரும்பினால் மண்மேடான வீடு, உப்புச்சுவை கொண்ட கிணறு, வராத ஆசிரியர். பிள்ளைகள் இருக்கிற எந்தக் குடும்பமும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் தீரும். 2020 ஜூன் முதல் ஒரு பெரிய திரும்புதல் அலை நடந்தது. கொரோனா கட்டுப்பாட்டில் மாகாண எல்லைகள் மூடப்பட, சிஞ்சாரில் காவல் வேலையில் இருந்த ஆண்கள் முகாமிலிருந்த குடும்பத்தைப் பார்க்க முடியாமல் போனதுதான் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஊர் வாழத் தகுந்ததாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. 2024 ஜூலை 30-க்குள் முகாம்களை மூடுவதாக ஈராக் அரசு அறிவித்து, திரும்பும் குடும்பத்துக்கு 40 லட்சம் தினார் உதவி அறிவித்தது. ஏறத்தாழ 3,000 டாலர். இடிந்த வீட்டைக் கட்ட அது எம்மாத்திரம்? கெடு கடந்தும் முகாம்கள் மூடப்படவில்லை.

பக்கத்து ஊர்க்காரர் மேல் நம்பிக்கை என்றேனே, அதையும் விளக்க வேண்டும். சுற்றியுள்ள அரபு ஊர்களிலிருந்து சிலர் ஐ.எஸ்.ஸோடு சேர்ந்தார்கள், சிலர் உயிரைப் பணயம் வைத்து யசீதிகளை மறைத்து அனுப்பினார்கள். இரண்டும் நடந்தது. யார் எது செய்தார் என்று நீதிமன்றம் பிரித்துச் சொல்லாதவரை சந்தேகம் எல்லார் மேலும் பரவுகிறது. ஈராக்கில் ஐ.எஸ். உறுப்பினர்கள் பெரும்பாலும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் உறுப்பினர் என்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுகிறார்கள். இன்னாரை இன்ன ஊரில் கொன்றார், விற்றார் என்ற விசாரணையில்லை, பாதிக்கப்பட்டவர் சாட்சி சொல்ல இடமுமில்லை. 2023 ஏப்ரலில் சில அரபுக் குடும்பங்கள் சிஞ்சாருக்குத் திரும்பியபோது யசீதிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உடனே சமூக ஊடகத்தில் பழைய "சாத்தான்" பழி கிளம்பியது. 2024 ஆகஸ்டிலும் அப்படியே. அப்போது முகாம்களிலிருந்தே குடும்பங்கள் அஞ்சி வெளியேறின.

மீண்டு வந்த பெண்களுக்கு 2021 மார்ச் 1 அன்று நிறைவேறிய 8-ஆம் எண் சட்டம் மாத ஊதியம், மனை, கல்வியில் வயதுத் தளர்வு, அரசு வேலையில் 2 விழுக்காடு இடம் ஆகியவற்றைத் தருகிறது. ஆகஸ்ட் 3-ஐ நினைவு நாளாக்கியது. துர்க்மென், கிறிஸ்தவ, ஷபக் பெண்களும் அதில் அடக்கம். மாத ஊதியம் வரத் தொடங்கியது, அது பெரிய காரியம். ஆனால் 2023-இல் விண்ணப்பத்தோடு குற்றப் புகாரின் நீதிமன்றக் காகிதம் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. நடந்ததை ஓர் அதிகாரி முன் மறுபடியும் சொல்ல முடியாமல் விலகிய பெண்கள் உண்டு. சமயத்தின் வழக்கப்படி வெளியார் தொடர்பு ஏற்பட்டவர் திரும்பி வர முடியாது. அந்த வழக்கத்தை மீறி, மீண்டு வந்தவர்கள் தூயவர்கள், நம் பிள்ளைகள் என்று அறிவித்து லாலிஷின் நீரால் ஏற்றுக்கொள்ள வைத்தவர் அப்போதைய ஆன்மிகத் தலைவர் பாபா ஷேக் குர்த்தோ ஹாஜி இஸ்மாயில். நூற்றாண்டுக் கால விதியை அவர் திறந்துவிட்டதன் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் ஐ.எஸ். ஆண்களுக்குப் பிறந்த குழந்தைகளை ஏற்க 2019-இல் சமயப் பேரவை மறுத்தது. ஈராக்கியச் சட்டமோ அந்தக் குழந்தைகளை முஸ்லிமாகவே பதியும். குழந்தையா, ஊரா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் தாய்மார்கள் நிற்கிறார்கள். இதற்கு என்னிடம் தீர்வு கிடையாது. சமயத்தையும் நாட்டுச் சட்டத்தையும் சேர்த்தே பேசாத எந்தத் தீர்வும் பாதித் தீர்வு என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கடைசியாகப் புதைகுழிகள். சிஞ்சாரில் 80-க்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டுள்ளன. முதலில் கண்ணிவெடி நீக்குவோர் அந்த இடத்தைச் சோதிப்பார்கள், ஏனென்றால் ஐ.எஸ். வீட்டுக் கதவுகளிலும் வயல்களிலும் வெடி புதைத்துவிட்டுப் போனது. பிறகு கட்டம் கட்டமாக மண்ணை நீக்கி, ஒவ்வோர் எலும்புக்கும் துணிக்கும் எண்ணிட்டு, பாக்தாத் தடயவியல் நிலையத்துக்கு அனுப்புவார்கள். எலும்பிலும் பல்லிலும் எடுத்த மரபணுவை உறவினரின் ரத்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஒரு குடும்பத்தில் தந்தையும் மகன்களும் சித்தப்பாக்களும் ஒரே குழியில் கிடந்தால் யார் யார் என்று பிரிக்கப் பல உறவினர்களின் மாதிரி தேவை. அந்த உறவினர்களோ இறந்திருப்பார்கள், அல்லது ஜெர்மனியில் இருப்பார்கள். கோச்சோவில் 2019 மார்ச் 15 அன்று தோண்டத் தொடங்கினார்கள். அடையாளம் காணப்பட்ட முதல் 104 பேர் ஊர் மண்ணில் அடக்கமானது 2021 பிப்ரவரி 6 அன்று. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். சான்று சேகரித்த ஐ.நா. விசாரணைக் குழு 2024 செப்டம்பரில் ஈராக்கை விட்டுப் போயிற்று. பல குழிகள் இன்னும் திறக்கப்படவில்லை. உடல் கிடைக்காதவரை இறப்புச் சான்று இழுபறி. இறப்புச் சான்று இல்லாமல் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை, பிள்ளைக்கு வாரிசு உரிமை இல்லை.

எனவே இனிமேல் "சிஞ்சாருக்கு இத்தனை பேர் திரும்பினர்" என்ற செய்தியைப் பார்த்தால் மலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முதலில் மீண்டதும் குறைவாக இடிந்ததும் வடபக்கம். சினூனி, கானசோர் ஊர்களில் கடைத்தெரு நடக்கிறது, பள்ளி இயங்குகிறது. தெற்கே தெல் எஸேர், சிபா ஷேக் கிதிர் பக்கம் திரும்பியவர்கள் குறைவு. மலை மேல் செர்தெஷ்த் மேட்டில், தங்கள் சொந்த ஊர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தும் இறங்காமல் 2014 முதல் கூடாரத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. இன்னொரு நாள் ஓட வேண்டி வந்தால், இந்த முறை ஏற வேண்டிய தூரம் இருக்காது என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.